தப்பு எங்கே என்று தேடியவர்: பி.சி. மகலனோபிஸ்

ஜூன் 29 புள்ளியியல் நாள். அன்று பிறந்த பெரியவரைப் பற்றித்தான் இந்தத் தடவை எழுதுகிறேன். அதுக்கு முன்னாடி எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிடுறேன்.

போன வருஷம் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட அம்மாவும் நானும் ஒரு கம்ப்யூட்டர் மையத்துக்குப் போனோம். என் பேரையும் பிறந்த தேதியையும் அடிச்சா, அப்படி ஒரு மாணவியே இல்லைன்னு வந்தது. மறுநாளும் போனோம். அதே பதில்தான். அம்மாவுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. போதும், விட்டுடலாம்னு அம்மா சொல்லிட்டாங்க. கடைசித் தேதிக்கு இன்னும் ரெண்டே நாள்தான் இருந்தது.

பள்ளியில் அழுதுகிட்டே சொன்னேன். சார் கம்ப்யூட்டரில் என் பேரை அழிச்சிட்டு, பள்ளியையும் பிறந்த தேதியையும் மட்டும் போட்டுத் தேடினார். நாலு பேர் வந்தாங்க. அதில் நானும் இருந்தேன்! பதிவில் என் இனிஷியல் பேருக்கு முன்னாடி, புள்ளி வச்சு இருந்தது. நாங்க பேருக்குப் பின்னாடி, புள்ளி இல்லாம அடிச்சிருந்தோம்.

டேட்டாபேஸ் என்பது ஒரு பெரிய ரெஜிஸ்டர் மாதிரி. அதனிடம் நாம் கேட்கும் கேள்விக்குப் பேர் க்வெரி. அது எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும். ஒரு புள்ளி மாறினாலும் இல்லைன்னு சொல்லிடும். அப்போ நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், எதில் தப்புன்னு தெரிஞ்சிடும். இந்தியாவுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே இப்படித் தேடிய ஒருவர் இருந்தார். அவர்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

பிறப்பும் படிப்பும்

மகலனோபிஸ் 29.6.1893 அன்று கல்கத்தாவில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து 1912ல் பட்டம் பெற்றார். அடுத்த வருஷம் இங்கிலாந்து போனார். லண்டனில் படிக்கத்தான் போனார். ஆனால் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கடைசி ரயிலைத் தவற விட்டுட்டார். நண்பர் வீட்டில் தங்கினார், ஊர் பிடிச்சுப் போச்சு, அங்கேயே சேர்ந்துட்டார்!

1914ல் நம்ம ஊர்க் கணித மேதை ராமானுஜனும் கேம்பிரிட்ஜ் வந்தார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். ராத்திரியில் குளிர் தாங்காமல் ராமானுஜன் மேல்கோட்டும் சால்வையும் போர்த்திப் படுப்பது மகலனோபிஸுக்குத் தெரிய வந்தது. அவர் போய்க் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் அங்கேயே இருந்தன! அவற்றை மெத்தையோடு சேர்த்துச் செருகி, மேலே விரிப்பு போட்டிருந்தாங்க. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்கணும்னு ராமானுஜனுக்குத் தெரியல. மகலனோபிஸ் பிரித்துக் காட்டினார். குளிருது என்பதால் கம்பளி இல்லை என்று ஆகாது. என் பேர் கதையும் இதேதான் பாருங்க.

புள்ளியியலுக்கு வந்த கதை

படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழ் அவர் கையில் கிடைத்தது. முழுத் தொகுப்பையும் வாங்கி, கப்பலிலேயே படிக்க ஆரம்பிச்சுட்டார். பிறகு கல்கத்தாவில் இயற்பியல் பேராசிரியராக வேலை பார்த்துக்கொண்டே, கல்லூரி அறையில் புள்ளியியல் ஆய்வு செய்தார். 1931ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடங்கினார். முதல் வருஷச் செலவு வெறும் 238 ரூபாய்தான்!

1926ல் ஒரிசாவில் பெரிய வெள்ளம் வந்தது. ஆற்றின் படுகை மேடாகிவிட்டது, கரையை உயர்த்தணும் என்று பொறியாளர்கள் நினைத்தார்கள். மகலனோபிஸ் சுமார் 60 வருஷத்து மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். படுகை மேடாகவே இல்லை, மேல்பகுதியில் பெய்த அதிக மழைதான் காரணம் என்று தெரிந்தது. தண்ணீரை மேலேயே தேக்குவதுதான் வழி என்றார். கண்மாய்க் கரையை மட்டும் உயர்த்திப் பிரயோஜனம் இல்லைன்னு நம்ம தாத்தாக்கள் சொல்வாங்களே, அது மாதிரி. பிற்காலத்தில் ஹிராகுட் அணை கட்ட அவருடைய கணக்கும் உதவியது.

வயலில் பிடித்த தப்பு

1937 முதல் வங்காளத்தில் சணல் பயிர் எவ்வளவு என்று கணக்கெடுத்தார். எல்லா வயலையும் அளக்க முடியாது அல்லவா? அதனால் சிறு சிறு துண்டுகளைத் தேர்ந்தெடுத்து அளந்தார்கள். இதற்கு மாதிரி ஆய்வு என்று பேர். சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து நசுக்குவது போலத்தான்.

இப்படிப் பயிர் அறுத்துப் பார்ப்பதில் ஒரு விநோதம் இருந்தது. துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாக வரும்! காரணம், கோட்டின் மேல் நிற்கும் செடியையும் வேலையாட்கள் சேர்த்து அறுத்துடுவாங்க. அவங்க ஏமாத்தல, அளக்கும் முறையில்தான் கோளாறு.

இன்னொரு நல்ல யோசனையும் செய்தார். ஒரே பகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். ஒரு குழுவின் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு விடையும் பக்கத்தில் வந்தால் நம்பலாம். ரொம்ப வித்தியாசம் வந்தால் எங்கேயோ தப்பு என்று தேடணும். நாம கூட்டல் கணக்கை மேலிருந்து கீழேயும், கீழிருந்து மேலேயும் போட்டுப் பார்ப்போமே!

கேள்வியிலேயே கோளாறு

1950ல் அவர் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. வீடு வீடாகப் போய் அச்சடித்த படிவத்தில் எழுதி வாங்கினார்கள். போன வாரம் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால் ஒரு கணக்கு, போன மாதம் என்று கேட்டால் வேறு கணக்கு வந்தது! வாரக் கேள்விக்குத்தான் அளவு கூடுதலாக வந்தது. அதையும் சோதித்துப் பார்த்தார்கள். பதில் சொன்னவர் பொய் சொல்லாவிட்டாலும், கேட்ட விதத்தால் விடை மாறும் என்பது தெளிவானது.

நம்ம கடற்கரையிலும் பாருங்க. ஒரு கூடை மீன் என்று எழுதினால் அது எத்தனை கிலோ? கூடைக்குக் கூடை மாறும் அல்லவா? படிவத்திலேயே கிலோ என்று கேட்டுவிட்டால் குழப்பம் இல்லை. இப்போது இணையப் படிவத்தில் மாவட்டம் இராமநாதபுரம் என்று தொட்டால் நம்ம 11 ஒன்றியங்கள் மட்டும் வருதே, அதுவும் தப்பு எழுத விடாமல் தடுக்கத்தான். ஆனால் மாவட்டத்தை மாற்றிய பிறகு பழைய ஒன்றியம் அப்படியே நின்றால், படிவம் செய்தவர் அதைத் திருத்தணும்.

கம்ப்யூட்டர் வந்தது

இவ்வளவு கணக்கையும் கையால் போட முடியுமா? அவருடைய நிறுவனத்துக்கு 1955 கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதுதான் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர். நம்ம இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் அவர்தான் அடித்தளம் போட்டார். 1968ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 28.6.1972 அன்று, 79ஆம் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு காலமானார். 2007 முதல் அவர் பிறந்தநாள் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் கற்றுக்கொள்வது

விடை தப்பாக வந்தால் யாரையும் உடனே திட்டக் கூடாது. எழுதினவர் தப்பா, படிவம் தப்பா, கேட்ட கேள்வி தப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கணும். என் விண்ணப்பம் கடைசித் தேதிக்கு முதல் நாள் ஏறிடுச்சு. பணம் இன்னும் வரல. ஆனால் பட்டியலில் என் பேர் இருக்கு. உங்க பேர் கம்ப்யூட்டரில் வரலைன்னா வீட்டில் விட்டுடச் சொன்னாலும் விடாதீங்க. இனிஷியலை மாற்றிப் போட்டு இன்னொரு தடவை தேடச் சொல்லுங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி