ஜம்செட்ஜி பொமான்ஜி வாடியா

ஜம்செட்ஜி பொமான்ஜி வாடியா (1754 – 1821) பம்பாயைச் சேர்ந்த பார்சிக் கப்பற்கட்டுநர் ஆவார். கிழக்கிந்தியக் கம்பனியின் பம்பாய்க் கட்டுந்தளத்தில் தலைமைக் கட்டுநராக இருந்து, பிரித்தானிய அரச கடற்படைக்குப் பல போர்க்கப்பல்களைக் கட்டினார். அவற்றுள் திருகோணமலை என்னும் பாய்க்கப்பல் இன்றும் மிதக்கிறது.

வாழ்க்கை

இவருடைய பாட்டனார் லோவ்ஜி நுசர்வான்ஜி 1736 இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு அழைத்துவரப்பட்டவர். தச்சுத்தொழில் குடும்பத்தில் வழிவழியாகத் தொடர்ந்தது. 1792 இல் ஜம்செட்ஜியும் உறவினர் பிராம்ஜி மானெக்ஜியும் தலைமைக் கட்டுநர்களாயினர்.

நெப்போலியப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஓக்கு மரம் அரிதாயிற்று. கடற்படையின் பார்வை மலபார்த் தேக்கின்மீது விழுந்தது. ஓக்கிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பாணிகளை அரிக்கும்; எண்ணெய்ப்பசையுள்ள தேக்கு அவ்வாறு செய்வதில்லை. 1810 இல் இவர் வெள்ளோட்டம் விட்ட 74 பீரங்கிகள் கொண்ட மின்டன், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அக்கடற்படைக்காகக் கட்டப்பட்ட முதல் பெரும் போர்க்கப்பலாகும். 1813 இல் முடிந்த கார்ன்வாலிசு கப்பலில்தான் 1842 இல் நாஞ்சிங் உடன்படிக்கை கையெழுத்தானது.

திருகோணமலை

ஆங்கிலேயர் டிரிங்கோமலி என எழுதிய இப்பெயர், 1782 இல் திருகோணமலைக்கு அப்பால் பிரெஞ்சுக் கடற்படையுடன் நடந்த போரை நினைவூட்டுவது. (அதே இரு கடற்படைகளும் மறு ஆண்டு கடலூருக்கு அப்பாலும் மோதின.) இக்கப்பலின் வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்னும் கப்பலை 1812 திசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூசன் தோற்கடித்து அழித்தது. படிகள் மீண்டும் அனுப்பப்பட வேண்டியதாயிற்று. பார்சி வழக்கப்படி கப்பலின் அடிமரத்தில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து ஜம்செட்ஜி பணியைத் தொடங்கினார். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறக்கப்பட்டது.

அதற்குள் போர் முடிந்திருந்தது. 1819 இல் போர்ட்ஸ்மவுத்தை அடைந்த கப்பல் 1845 வரை பணியின்றிக் கட்டிவைக்கப்பட்டது. 1821 இல் காலமான ஜம்செட்ஜிக்கு அதன் கடற்பணியை அறியும் வாய்ப்பே இல்லை. பின்னர் பீரங்கிகள் 38 இலிருந்து 26 ஆகக் குறைக்கப்பட்டு, 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் பணியாற்றியது. பெருங் கடற்போர் எதையும் அது காணவில்லை.

அதன்பின் பயிற்சிக் கப்பலாக இருந்தது. 1897 இல் உடைப்பதற்கு விற்கப்பட்டபோது, வீட்லி கோப் என்பவர் வாங்கி, பூட்ராயன்ட் எனப் பெயர் மாற்றி, இளைஞர் பயிற்சிக்குப் பயன்படுத்தினார். அப்பணி 1986 வரை நீடித்தது. அடுத்த ஆண்டு ஆர்ட்டில்பூலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கப்பல் 2001 இல் முழுமையாகச் சீரமைக்கப்பட்டது. பழைய பெயரும் திரும்பியது. இவரே கட்டிய வெல்லெசுலி 1940 இல் செருமானிய வான்தாக்குதலுக்கு இரையானது. மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது திருகோணமலையே. கான்ஸ்டிடியூசனும் பாஸ்டனில் இன்றும் மிதக்கிறது.