உழைப்பை மேடையேற்றிய உதயசங்கர்

இராசபாளையத்து நூற்பாலைத் தோழனே! திருவில்லிபுத்தூரிலே தேர்வடம் பிடிக்கும் தோழனே! கதிரோடு சுழலும் கையும், வடத்தோடு வளையும் முதுகும் கலையாகுமா? ஆகும் என்று அரங்கிலே காட்டினார் ஒருவர். உதயசங்கர் அவர் பெயர்.

1900-இல் உதயப்பூரிலே பிறந்த வங்காளி. ஓவியம் பயில இலண்டன் சென்றார். 1923-இல் ரஷ்யாவின் பாலே அரசி அன்னா பாவ்லோவா அழைத்தார். தூரிகை பிடித்த கை முத்திரை பிடித்தது. குருவின் காலடியில் அமர்ந்து ஆடக் கற்றவரல்லர். ஓவியத்திலும் சிற்பத்திலும் கண்ட வளைவுகளை உடலிலே வடித்தவர்!

இமயச் சாரலில், அல்மோராவிலே கலைக்கூடம் கண்டார். தமிழகத்துக் கந்தப்ப பிள்ளை பரதம் தந்தார். கேரளத்துச் சங்கரன் நம்பூதிரி கதகளி தந்தார். அலாவுதீன் கான் இசை தந்தார். பல கலைகள் அங்கே ஒரு தாய் மக்களாயின.

கடவுளர் கதைகளையும் ஆடினார். ஆனால் அதோடு நின்றாரில்லை. 'உழைப்பும் இயந்திரமும்' என்றோர் ஆடல் அமைத்தார். மனிதரே சக்கரமாயினர், மனிதரே தண்டாயினர். இயந்திரம் மனிதனை விழுங்கும் கொடுமையை, பேச்சின்றி ஆடலே பேசிற்று!

போர்க்காலத்திலே பணமின்றிக் கூடம் மூடப்பட்டது. கலங்கினாரா? இல்லை. சென்னைக்கு வந்தார், ஜெமினியிலே 'கல்பனா' படம் எடுத்தார். 1948-இல் வெளிவந்தது. ஆலை ஆடலும் அதிலே இடம்பெற்றது. பணப்பெட்டி நிறையவில்லை; வரலாற்றிலே இடம் நிலைத்தது.

1977-இல் மறைந்தார். அறுந்த இழையை இணைக்கும் உன் விரலிலே, அவர் கண்ட கலை வாழ்கிறது. கலை மாளிகையிலே பிறந்ததென எவரேனும் செப்பினால், தோழனே, உன் கையைக் காட்டு!