தோற்றவருக்குத் தோற்றவரே துணை

பாரதத்தில் ஓர் இடம் உண்டு. சூதாட்டத்தில் நாட்டைத் தோற்று, தம்பியரைத் தோற்று, கட்டிய மனைவியையும் பணயம் வைத்துத் தோற்ற தருமபுத்திரர் காட்டில் உட்கார்ந்து கலங்குகிறார். தம்மைப் போன்ற துர்ப்பாக்கியசாலி உலகில் வேறு எவரேனும் உண்டோ என்று பிருகதசுவ முனிவரிடம் கேட்கிறார். முனிவர், சூது பாவம் என்று உபதேசம் செய்யவில்லை. அவரைப் போலவே சூதில் எல்லாவற்றையும் இழந்து, பிறகு கரையேறிய நளனுடைய கதையைச் சொல்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் தருமருக்கு மனம் தேறுகிறது.

தோற்றவனுக்குத் தோற்றவனே ஆறுதல் என்ற இந்த உண்மையை இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெரிய இயக்கமாக வளர்த்தவர் ஓர் அமெரிக்கர். அவர் பண்டிதரல்ல, பாதிரியாரல்ல, வைத்தியருமல்ல. குடியினால் சீரழிந்து, பங்கு மார்க்கெட்டில் கைப்பொருளையும் தோற்ற ஒரு மனிதர். அவர் பெயர் பில் வில்ஸன். குடியை விட்டொழிக்க அவர் கண்ட வழியே, பின்னால் சூதாட்டத்தை விட்டொழிக்க விரும்பியவர்களுக்கும் வழியாயிற்று.

தாத்தாவின் சவால்

அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மாண்ட் என்பது மலையும் பனியும் நிறைந்த சிறு மாகாணம். அங்கே ஈஸ்ட் டார்ஸெட் என்னும் கிராமத்தில், குடும்பத்தாருக்குச் சொந்தமான ஒரு விடுதியில், 1895 நவம்பர் 26-ந் தேதி பில் பிறந்தார். தகப்பனார் கல் சுரங்கத் தொழிலில் இருந்தவர். பில்லுக்குப் பத்து வயது இருக்கும்போது அவர் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயாரும் வைத்தியம் படிக்க பாஸ்டன் நகருக்குச் சென்றார். பில்லும் தங்கையும் தாய்வழிப் பாட்டன் பாட்டி வீட்டில் வளர்ந்தார்கள்.

எறிந்தால் எறிந்தவனிடமே திரும்பி வரும் வளைதடியை ஆஸ்திரேலியப் பழங்குடியினர் அல்லாமல் வேறு யாரும் செய்ய முடியாது என்று ஒரு நாள் தாத்தா சொன்னார். சிறுவனுக்கு அது சவாலாகப் பட்டது. ஆறு மாத காலம் மரத்தைச் செதுக்குவதே வேலையாகக் கிடந்தான். கடைசியில் தன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையையே அறுத்தெடுத்துச் செய்தான். அது திரும்பி வந்தது! எதிலும் முதல்வனாக வேண்டும், தோல்வி என்பதே கூடாது என்ற வெறி அன்றே அவனைப் பற்றிக்கொண்டது. பின்னால் அவரைக் கெடுத்ததும் அந்த வெறிதான்.

பதினேழு வயதை எட்டும் சமயத்தில், அவர் நேசித்த பெண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனாள். அதிலிருந்து அவரை ஒரு நீங்காத மனச்சோர்வு பிடித்தது. வாழ்நாள் முழுவதும் அது வருவதும் போவதுமாக இருந்தது.

முதல் கிண்ணம்

முதல் உலக யுத்தத்தின்போது பில் பீரங்கிப் படையில் அதிகாரியானார். 1917-ல் நியூ பெட்ஃபோர்ட் என்ற ஊரில் முகாம். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் படை அதிகாரிகளை விருந்துக்கு அழைப்பார்கள். கூச்ச சுபாவமுள்ள பில், நாலு பேர் நடுவில் வாய் திறக்கத் தெரியாமல் நிற்பார். ஒரு விருந்தில் யாரோ மதுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்கள். குடித்ததும் கூச்சம் பறந்தது, பேச்சு வந்தது, உலகமே உறவானது போல் தோன்றியது. அந்த மயக்கத்துக்கு அவர் பதினேழு வருஷம் அடிமையாக இருந்தார்.

1918 ஜனவரி 24-ந் தேதி லோயிஸ் என்னும் பெண்ணை மணந்து, பிரான்ஸ் போர்முனைக்குப் போய், மறுவருஷம் திரும்பினார். நியூயார்க்கில் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். ஆனால் அவர் மனம் பங்கு மார்க்கெட்டில் இருந்தது. 1925-ல் கணவனும் மனைவியும் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். எந்தக் கம்பெனி உள்ளபடி வளர்கிறது, எது வெளிப்பகட்டு என்று தொழிற்சாலைகளை நேரில் பார்த்து, பங்குத் தரகர்களுக்கு அறிக்கை அனுப்பினார் பில். அந்தக் காலத்தில் அது புதிய யோசனை. பணம் குவிந்தது. கூடவே குடியும் பெருகியது.

மார்க்கெட் விழுந்தது

கையில் உள்ள பணத்துக்கு மட்டும் பங்கு வாங்குவது வியாபாரம். தரகரிடம் கடன் வாங்கி, விலை ஏறியே தீரும் என்ற நம்பிக்கையில் மேலும் மேலும் வாங்குவதைச் சூதாட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். விலை ஏறினால் லாபம் பல மடங்கு. விழுந்தால் முதலும் போய்க் கடனும் மிஞ்சும். 1929 அக்டோபரில் நியூயார்க் மார்க்கெட் சரிந்தபோது பில்லுக்கு நேர்ந்தது அதுதான். அவர் நம்பியிருந்த பங்கு ஒன்று காலையில் 52 டாலர். மாலையில் 32 டாலர். ஒரே நாளில் எல்லாம் போயிற்று.

மனைவியின் தகப்பனார் வீட்டில், புரூக்ளின் நகரில், இருவரும் குடியேறினார்கள். லோயிஸ் கடையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். பில் அந்தப் பணத்தையும் எடுத்துக் குடித்தார். இனிக் குடிப்பதில்லை என்று குடும்ப பைபிளில் எழுதி வைத்தார், மறுபடியும் குடித்தார். நியூயார்க்கிலுள்ள டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெளியே வந்து குடித்தார். அங்கிருந்த டாக்டர் ஸில்க்வொர்த் கருணையுள்ளவர். இது ஒழுக்கக்கேடு அல்ல, உடலையும் மனத்தையும் பற்றும் நோய் என்று சொன்னவர். ஆனால் அவரும், பில்லை எங்காவது அடைத்து வைக்க வேண்டும், இல்லையேல் பைத்தியமோ மரணமோதான் முடிவு என்று லோயிஸிடம் சொல்லும்படி ஆயிற்று.

பழைய சிநேகிதர் வந்தார்

1934 நவம்பரில் எப்பி தாச்சர் என்ற பழைய குடிகார நண்பர் வீட்டுக்கு வந்தார். பில் அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். நண்பர் வேண்டாமென்று தள்ளிவிட்டார்! ஒரு சமயக் குழுவில் சேர்ந்து, தம் குற்றங்களை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, குடியை நிறுத்திவிட்டதாகக் கூறினார். மனைவியும் மருத்துவரும் சொன்னபோது ஏறாத சொல், தம்மைப் போலவே சாக்கடையில் கிடந்தவன் சொன்னபோது ஏறியது.

டிசம்பர் 11-ந் தேதி பில் கடைசியாகக் குடித்தார். அன்றே நான்காம் முறையாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே ஓர் இரவு அறை முழுவதும் ஒளி நிறைந்ததாகவும், பெரிய அமைதி தம்மைச் சூழ்ந்ததாகவும் உணர்ந்தார். கொடுத்த மருந்தின் விளைவு என்பாரும் உண்டு; கடவுள் அருள் என்பாரும் உண்டு. எதுவாயினும், அதன் பிறகு அவர் குடிக்கவில்லை.

ஆறு மணி நேரம்

அடுத்த ஐந்து மாதம் கண்ணில் பட்ட குடிகாரர்களையெல்லாம் பிடித்து உபதேசம் செய்தார். ஒருவரும் திருந்தவில்லை. தாம் மட்டும் குடிக்காமல் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. லோயிஸ்தான் எடுத்துச் சொன்னார். பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, நோயின் தன்மையையும் சொந்த அனுபவத்தையும் மட்டும் சொல்லும்படி டாக்டர் ஸில்க்வொர்த் புத்தி கூறினார்.

1935 மே மாதம் வியாபார விஷயமாக ஆக்ரன் நகருக்குப் போனார். காரியம் தோல்வி. பையில் ஏறக்குறைய பத்து டாலர். சனிக்கிழமை மாலை ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கடை. உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். இப்போது தமக்கு வேண்டியது இன்னொரு குடிகாரன் என்று அவருக்குத் தோன்றியது. அவனைக் காப்பாற்றுவதற்கல்ல, தம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்கு!

ஊரிலுள்ள மாதாகோயில்களின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குப் போன் செய்தார். அங்கே தொட்டு இங்கே தொட்டு, ஹென்ரியெட்டா ஸைபர்லிங் என்ற அம்மையார் கிடைத்தார். அவர் மறுநாள் மாலை, மே 12-ந் தேதி, தம் வீட்டில் டாக்டர் பாப் ஸ்மித் என்பவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். கைதேர்ந்த சர்ஜன், மகா குடிகாரர். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தவர், இரவு பதினொரு மணி தாண்டித்தான் எழுந்தார். பில் அவருக்கு ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. தம் கதையைச் சொன்னார். கேட்ட டாக்டர் தம் கதையைச் சொன்னார்.

இடையில் ஒரு முறை சறுக்கினாலும், 1935 ஜூன் 10-ந் தேதிக்குப் பின் டாக்டர் பாப் குடிக்கவில்லை. அந்த நாளையே தங்கள் ஸ்தாபனம் பிறந்த நாளாக அவர்கள் கொண்டாடுகிறார்கள். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றாமவரைத் தேடிப் பிடித்தார்கள்.

பெயர் வேண்டாம், பணம் வேண்டாம்

1939-ல் அவர்கள் அனுபவம் புத்தகமாக வந்தது. அந்தப் புத்தகத்தின் பெயரே ஸ்தாபனத்தின் பெயராயிற்று: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் சொல்லாத குடிநோயாளிகள். 1941 மார்ச்சில் பிரபலமான வாரப் பத்திரிகை ஒன்று இவர்களைப் பற்றி எழுதியது. சுமார் 2,000 ஆக இருந்த அங்கத்தினர் தொகை அந்த வருஷக் கடைசியில் 8,000 ஆயிற்று.

கோடீசுவரர் ராக்பெல்லரிடம் உதவி கேட்டபோது அவர் 5,000 டாலர் மட்டும் கொடுத்து, அதிகப் பணம் இவர்களைக் கெடுத்துவிடும் என்று நினைத்தார். முதலில் வருந்திய பில், பிறகு அதையே விதியாக்கினார். வெளியார் பணம் வாங்குவதில்லை, யாருக்கும் பட்டமில்லை, பதவியில்லை, சேருவதற்குக் கட்டணமில்லை. விட்டுவிட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. யேல் சர்வகலாசாலை 1954-ல் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது பில் மறுத்துவிட்டார். 1955-ல் நிர்வாகப் பொறுப்பை அங்கத்தினர்களிடமே ஒப்படைத்தார். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று லோயிஸ் 1951-ல் தனி அமைப்புக் கண்டார்.

சூதாடிகளின் சங்கம்

1957 ஜனவரியில், சூதாட்டத்தால் நொந்த இருவர் சந்தித்து அடிக்கடி பேசத் தொடங்கினார்கள். மாதங்கள் சென்றும் இருவரும் ஆடவில்லை. பில் வகுத்த வழியைப் பின்பற்றி, செப்டம்பர் 13-ந் தேதி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற சூதாடிகள் சங்கத்தின் முதல் கூட்டத்தை நடத்தினார்கள். பல நாடுகளில் இன்று அது நடக்கிறது.

குடித்தவனை நாற்றம் காட்டிக்கொடுக்கும். சூதாடியை எது காட்டிக்கொடுக்கும்? கடன்காரன் வாசலில் நிற்கும் வரை வீட்டாருக்கே தெரியாது. விட்டதைப் பிடிக்க மேலும் ஆடுவான். இன்னும் ஓர் ஆட்டம் ஜெயித்தால் கடனெல்லாம் அடைத்துவிடலாம் என்று நம்புவான். இந்தப் பொய்களை ஊரார் நம்பலாம். தானும் அதே பொய்யைச் சொல்லி வாழ்ந்தவன் முன்னால் அது செல்லாது.

ஆகவே அந்தச் சங்கத்தில் கடனை மறைக்க விடுவதில்லை. ஆட்டத்தை நிறுத்திச் சிறிது காலம் ஆனவரை மூத்த அங்கத்தினர்கள் அழைத்து, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாக் கடனையும் பட்டியல் எழுதச் சொல்கிறார்கள். வரவு செலவுத் திட்டம் போட்டு, சிறுகச் சிறுக அடைக்க வழி செய்கிறார்கள். காசில்லாப் பந்தயமும் கூடாது. சூதாடும் இடத்தின் பக்கமே போகக் கூடாது. ஆசை எழும்பினால் உடனே மற்றோர் அங்கத்தினருக்குப் போன் செய்ய வேண்டும். ஆயுள் முழுவதற்கும் சபதம் வேண்டாம். இன்று ஒரு நாள் ஆடாதிருந்தால் போதும்.

விஞ்ஞானிகளும் இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளிவந்த காக்ரேன் அறிக்கை, குடியை அடியோடு நிறுத்துவதில் பில்லின் வழி மற்றச் சிகிச்சைகளுக்குச் சளைத்ததல்ல, பல சமயம் அவற்றினும் மேல் என்று கண்டது. சூதாடிகள் சங்கத்தைப் பற்றி அவ்வளவு ஆய்வு நடக்கவில்லை. வந்து பாதியில் நின்றுவிடுவோரும் பலர். வைத்தியரின் உதவியும் சேர வேண்டியவர்கள் உண்டு. ஆயினும், தனியாகப் போராடித் தோற்றவனுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் சூதாட்ட நோயைக் குடிநோயோடு ஒரே பிரிவில் சேர்த்தது. நம் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரமாகச் சூதையும், அதற்கு அடுத்ததாக மருந்தையும் வைத்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பில் வில்ஸன் மகானல்லர். சிகரெட்டை விட அவரால் முடியவில்லை. நுரையீரல் கெட்டு, 1971 ஜனவரி 24-ந் தேதி, தம் ஐம்பத்து மூன்றாவது திருமண நாளன்று, மியாமியில் காலமானார். ஆனால் குடியை விட்ட பிறகு முப்பத்தாறு வருஷம் அவர் மதுவைத் தொடவில்லை.

சூதில் சிக்கிய ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவருக்கு உபதேசம் செய்து அலுத்துப்போயிருப்பீர்கள். அவரைப் போலவே தோற்று மீண்ட ஒருவரைத் தேடிப் பிடித்து, இருவரையும் ஓரிடத்தில் உட்கார வையுங்கள். முதலில் அவர் பதினைந்து நிமிஷம்தான் தருவார். அது போதும்.