பாட்டுக்கு விலை வைக்காத பாடகர்

அமெரிக்காவில் ஒரு பாடகர் இருந்தார். இளம் வயதிலேயே பேரும் புகழும் அவரைத் தேடி வந்தன. அவருடைய இசைத்தட்டுகள் நன்றாக விற்பனை ஆயின. அந்தப் பணத்தைக் கொண்டு அவர் மாளிகை கட்டியிருக்கலாம். சொகுசாக வாழ்ந்திருக்கலாம்.

அவரோ, இருந்த வீட்டை அடகு வைத்தார்!

எதற்காக? ஒரு இசைத்தட்டைத் தயாரித்து, அதற்கு விலை வைக்காமல் கொடுப்பதற்காக.

அந்த இசைத்தட்டு வேண்டும் என்கிறவர்கள் தங்களால் முடிந்ததை அனுப்பலாம். ஒரு டாலரும் அனுப்பலாம். கையில் காசே இல்லை என்றால், சும்மாவும் வாங்கிக்கொள்ளலாம்.

அப்படிச் செய்த அதிசய மனிதரின் பெயர் கீத் கிரீன். அவர் வாழ்ந்தது 28 ஆண்டுகள்தான்.

பிஞ்சிலே பாட்டு

நியூயார்க் நகரில் புரூக்ளின் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே 1953-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ந் தேதி கீத் கிரீன் பிறந்தார். யூத வம்சாவளிக் குடும்பம். பிறகு அந்தக் குடும்பம் கலிபோர்னியாவில் குடியேறியது.

கீத்துக்கு 3 வயதிலேயே இசைப் பைத்தியம் பிடித்தது. யூகலேலே என்பது கிட்டாரைப் போன்ற ஒரு சின்னஞ்சிறு வாத்தியம். மூன்று வயதுப் பிள்ளை அதை மீட்டினான். 5 வயதில் கிட்டார் வாசித்தான். 7 வயதில் பியானோவில் உட்கார்ந்தான்.

பிறர் பாட்டைப் பாடுவதோடு நிற்கவில்லை. தானே பாட்டு எழுதினான். மெட்டும் போட்டான். 11 வயதுக்குள் 40 பாட்டுகள்!

'டெக்கா' என்பது பெரிய இசைத்தட்டுக் கம்பெனி. அந்தக் கம்பெனி 1965-ம் ஆண்டு இந்தச் சிறுவனோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்காவில் இசை அமைப்பாளர்களுக்கும் பாட்டு எழுதுகிறவர்களுக்கும் 'ஆஸ்காப்' என்று ஒரு சங்கம் உண்டு. அதில் அதுவரை யாரும் அவ்வளவு சிறிய வயதில் சேர்ந்தது இல்லை.

சிறுவன் கீத் டெலிவிஷனில் தோன்றினான். பத்திரிகைகளில் படம் வந்தது. நாடு முழுவதும் உள்ள பிள்ளைகள் அவன் பின்னால் ஓடப்போகிறார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

ஆனால் நடந்தது வேறு. டோனி ஆஸ்மண்ட் என்ற வேறொரு சிறுவன் புகழ் பெற்றான். பிள்ளைகள் அவன் பக்கம் போய்விட்டார்கள். கீத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஊர் ஊராக

ஏறிய ஏணி சரிந்தால் பெரியவர்களே கலங்கிப்போவார்கள். பிள்ளை மனம் என்ன ஆகும்?

15 வயதில் கீத் வீட்டை விட்டு ஓடினார். இசையில் புகழ் வேண்டும்; வாழ்க்கைக்கு ஒரு பொருளும் வேண்டும். இரண்டையும் தேடி அலைந்தார்.

அந்தக் காலத்தில் அமெரிக்க வாலிபர்கள் பலர் அப்படித்தான் திரிந்தார்கள். நீண்ட முடி, கந்தல் உடை, கையில் கிட்டார். 'ஹிப்பி' என்று அவர்களுக்குப் பெயர். போதை மருந்து அவர்களிடையே தாராளமாகப் புழங்கியது. கீத்தும் அந்தப் பழக்கத்தில் விழுந்தார். ஒருமுறை போதையில் பயங்கர அனுபவம் ஏற்பட்டது. அதோடு அவருக்கு அதில் வெறுப்புத் தட்டியது.

அப்போதுதான் மெலடி என்ற பெண்ணைச் சந்தித்தார். அவரும் யூத வம்சத்துப் பெண். அவரும் பாட்டு எழுதுகிறவர். அவரும் மன நிம்மதியைத் தேடிக்கொண்டிருந்தவர். 1973-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று இருவருக்கும் கலியாணம் நடந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சில வாலிபர்கள் கூடி பைபிள் படித்து வந்தார்கள். கணவனும் மனைவியும் அங்கே போனார்கள். 1975-ம் ஆண்டு கீத் கிறிஸ்தவர் ஆனார். அவர் தேடிய தேடல் அதோடு முடிந்தது.

கோவிலில் டிரம்

அந்த நாளில் புது மாதிரியான கிறிஸ்தவப் பாட்டு ஒன்று தோன்றியிருந்தது.

மாதா கோவில்களில் பழைய கீர்த்தனைகளை ஆர்கன் வாத்தியத்தோடு பாடுவதுதான் வழக்கம். 'ராக்' இசை என்றால் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். டிரம் அடிப்பதும் எலெக்ட்ரிக் கிட்டார் முழங்குவதும் இரவு விடுதிக்குத்தான் பொருந்தும் என்று நினைத்தார்கள்.

லாரி நார்மன் என்பவர் 1969-ம் ஆண்டு ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். இசை ராக், சொல்லும் செய்தி கிறிஸ்துவைப் பற்றியது. பலர் எதிர்த்தார்கள். ஆனால் வாலிபர்களுக்குப் பிடித்துவிட்டது. அவரைப் பின்பற்றிப் பலர் பாடத் தொடங்கினார்கள். கம்பெனிகளும் கிளம்பின. 1976-ம் ஆண்டு தொடங்கிய 'ஸ்பேரோ' கம்பெனி அவற்றில் ஒன்று. ஸ்பேரோ என்றால் சிட்டுக்குருவி.

அந்தக் கம்பெனி 1977-ம் ஆண்டு கீத் கிரீனின் முதல் கிறிஸ்தவ இசைத்தட்டை வெளியிட்டது. கேட்கக் காது உள்ளவனுக்கு என்பது அதன் பெயர்.

கீத் பியானோ வாசிக்கும் அழகே தனி. மெல்ல வருடுவார். திடீரென்று புயல் போல் அடிப்பார். குரலும் அப்படியே. ஒரு சமயம் கெஞ்சும். ஒரு சமயம் அதட்டும்.

அந்த இசைத்தட்டில் சாத்தானே பாடுவது போல் ஒரு பாட்டு இருக்கிறது. இப்போதெல்லாம் தன்னை ஒருவரும் நம்புவதில்லை, அதனால் தன் வேலை சுலபமாகிவிட்டது என்று சாத்தான் குதூகலிக்கிறான். இன்னொரு பாட்டு, தாய் தந்தைக்கு ஒரு மகன் பாடுவது. தர்க்கம் செய்ய அவன் வரவில்லை. பெற்றவர்களைப் பரலோகத்திலும் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

இசைத்தட்டு அமோகமாக விற்றது.

வீடு நிறைய விருந்தாளிகள்

கீத்தும் மெலடியும் லாஸ் ஏஞ்சல்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். போக்கிடம் இல்லாதவர்களை அங்கே அழைத்து வந்தார்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்பியவர்கள் வந்தார்கள். கலியாணம் ஆகாமல் கர்ப்பமாகி, கதியற்று நின்ற பெண்கள் வந்தார்கள். எல்லோருக்கும் சோறு. எல்லோருக்கும் படுக்க இடம்.

வீடு போதவில்லை. பக்கத்து வீட்டை வாங்கினார்கள். அதுவும் போதவில்லை. அதே வட்டாரத்தில் மேலும் 5 வீடுகளை வாடகைக்குப் பிடித்தார்கள். இந்தச் சேவைக்காக 1977-ம் ஆண்டு 'லாஸ்ட் டேஸ் மினிஸ்ட்ரீஸ்' என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள்.

1978-ம் ஆண்டு இரண்டாவது இசைத்தட்டு வந்தது. சமரசம் இல்லை என்பது அதற்குப் பெயர். அதில் உள்ள ஒரு பாட்டு சாட்டையடி போன்றது. கஷ்டப்பட்டு ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு ஆசீர்வாதம் கூறி, அவனை வெறும் கையோடு அனுப்பிவிடுகிறார். பிறகு நிம்மதியாகத் தூங்குகிறார். அப்படிப்பட்ட பக்தர்களைத்தான் கீத் அந்தப் பாட்டில் தட்டி எழுப்பினார்.

கீத் கண்டிப்பானவர். கச்சேரியின் நடுவே பாட்டை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்குவார். கைதட்டியவர்களையே கண்டிப்பார். கத்தோலிக்கர்களைக் குறை கூறி அவர் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்கள் பலருடைய மனதைப் புண்படுத்தின. அவருக்கு நண்பர்கள் எவ்வளவு பேரோ, கோபித்துக்கொண்டவர்களும் அவ்வளவு பேர்.

ஆனால் பிறரைக் கண்டித்தவர் தம்மைத் தப்பவிடவில்லை. தம் கண்ணீர் வற்றிவிட்டது, பக்தி காய்ந்துவிட்டது என்று தம்மையே குற்றம் சாட்டி ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார்.

வீடு அடகுக்குப் போனது

கீத்தின் மனதை ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது.

ஆண்டவனைப் பற்றிய பாட்டுக்கு டிக்கெட் போடலாமா? பணம் உள்ளவன் உள்ளே வருகிறான். இல்லாதவன் வெளியே நிற்கிறான். அந்தப் பாட்டு அதிகம் தேவைப்படுவது யாருக்கு? வெளியே நிற்பவனுக்கு அல்லவா?

இதற்கு எதிர்க் கேள்வியும் உண்டு. பாடகனுக்கும் வயிறு இருக்கிறது. பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். வாத்தியம் வாசிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இசைத்தட்டு அச்சடிக்கச் செலவு ஆகும். உழைத்தவன் கூலி வாங்குவது பாவமா? நியாயமான கேள்விதான்.

கீத் தம் மனதுக்குச் சரி என்று பட்ட வழியில் போனார். 1979-ம் ஆண்டு ஸ்பேரோ கம்பெனியோடு பேசி, ஒப்பந்தத்திலிருந்து விலகினார். இனிமேல் கச்சேரிக்கும் இசைத்தட்டுக்கும் கட்டணம் இல்லை என்று முடிவு செய்தார். அடுத்த இசைத்தட்டுக்குப் பணம்? அதற்காகத்தான் வீடு அடகுக்குப் போனது.

அந்த ஆண்டே சேவை அமைப்பை டெக்சாஸ் மாநிலத்தில் லிண்டேல் என்ற ஊருக்குப் பக்கத்தில் மாற்றினார்கள்.

1980-ம் ஆண்டு புது இசைத்தட்டு வந்தது. எகிப்துக்கே திரும்பிப் போக ஆசையா என்பது அதன் பெயர். பெயர்ப் பாட்டு வேடிக்கையானது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர்களை மோசே மீட்டு வந்தார் என்பது பைபிள் கதை. வழியில் பாலைவனம். ஆண்டவன் வானத்திலிருந்து 'மன்னா' என்ற உணவைப் பொழிந்தார். நாள்தோறும் அதே உணவு! மன்னாவை எத்தனை விதமாகத்தான் சமைப்பது? சாப்பிட்டவர்கள் சலித்துக்கொண்டார்கள். அடிமைத்தனமே மேல் என்று முணுமுணுத்தார்கள். இதைத்தான் கீத் சிரிக்கச் சிரிக்கப் பாடினார். சிரித்து முடித்த பிறகுதான் அது தங்களைப் பற்றிய பாட்டு என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது.

உலகப் புகழ் பெற்ற பாப் டிலன் அந்த இசைத்தட்டில் ஒரு பாட்டுக்கு ஹார்மோனிகா வாசித்திருக்கிறார். அந்தப் பாட்டில் கீத் தம்மை மட்டுமல்ல, மனைவியையும் மகனையும் கூட ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டதாகப் பாடுகிறார்.

இசைத்தட்டு கேட்டு நாலா பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. 1982-ம் ஆண்டு மே மாதத்துக்குள் 2 லட்சத்துக்கும் அதிகமான தட்டுகள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் 61 ஆயிரம் தட்டுகளுக்கு ஒரு காசும் வாங்கவில்லை!

பிற்பாடு அவருடைய கேசட்டுகள் கடைகளுக்கு வந்தபோதும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு கேசட் வாங்கினால் இன்னொன்று இனாம். அதை ஒரு நண்பருக்குக் கொடுக்க வேண்டும்.

அந்த மாலை

1982-ம் ஆண்டு வெளிவந்த இசைத்தட்டில் கீத்தின் குரல் மாறியிருந்தது. அதட்டல் இல்லை. பெரும்பாலும் அமைதியான துதிப் பாட்டுகள். ஆண்டவனை ஆடு மேய்ப்பவராகப் போற்றும் சங்கீதத்துக்கும் அதில் மெட்டுப் போட்டிருந்தார். மெலடி எழுதிய ஒரு பாட்டும் அதில் இருக்கிறது. இன்று உலகெங்கும் பல கோவில்களில் அதைப் பாடுகிறார்கள்.

கீத் அப்போது புதுத் திட்டம் ஒன்று போட்டிருந்தார். ஊர் ஊராகப் பாடி, வாலிபர்களை அயல்நாடுகளுக்குச் சேவை செய்ய அனுப்ப வேண்டும் என்பது அந்தத் திட்டம்.

ஜூலை மாதம் 28-ந் தேதி. ஒரு குடும்பத்தினர் விருந்தாளிகளாக வந்திருந்தார்கள். கணவன், மனைவி, 6 குழந்தைகள். தங்கள் நிலத்தை ஆகாயத்திலிருந்து அவர்களுக்குச் சுற்றிக் காட்ட கீத் விரும்பினார். வாடகைக்கு எடுத்திருந்த சிறு விமானம் ஒன்று இருந்தது. விருந்தாளிகள் 8 பேர், விமானி, கீத், அவருடைய 3 வயது மகன், 2 வயது மகள். ஆக 12 பேர் ஏறினார்கள்.

விமானம் மேலே கிளம்பியது. கிளம்பிய சிறிது நேரத்தில் கீழே விழுந்து எரிந்தது. ஒருவர் கூடப் பிழைக்கவில்லை.

அளவுக்கு மீறிய பாரம் ஏற்றியதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

மெலடி வீட்டில் இருந்தார். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. வயிற்றில் இன்னொரு குழந்தை. ஒரே மாலையில் கணவனையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தார். அவருக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்!

மெலடி எழுந்தார்

மெலடி மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கணவர் போட்ட திட்டத்தை அவர் கையில் எடுத்தார். கீத் நினைவாகக் கூட்டங்கள் நடத்தினார். கீத் பாடுவதையும் பேசுவதையும் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். அயல்நாட்டுச் சேவைக்கு வாலிபர்களை அழைத்தார். வயிற்றில் இருந்த குழந்தையும் பெண்ணாகப் பிறந்தது. இரண்டு பெண்களையும் வளர்த்தார். கணவர் பாடி வைத்துவிட்டுப் போன பாட்டுகளை இசைத்தட்டுகளாக வெளியிட்டார். 1989-ம் ஆண்டு அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.

1992-ம் ஆண்டு பல பாடகர்கள் சேர்ந்து கீத்தின் பாட்டுகளைப் பாடி அஞ்சலி செலுத்தினார்கள். அதே ஆண்டு ஸ்பேரோ கம்பெனியை, இ.எம்.ஐ. என்ற உலகப் பெரும் கம்பெனி விலைக்கு வாங்கியது. வாலிபர்கள் சிலர் கிட்டாரோடு தொடங்கிய கிறிஸ்தவ ராக் இசை அதற்குள் பெரிய வியாபாரம் ஆகிவிட்டது. 2001-ம் ஆண்டு கீத் கிரீனின் பெயரைக் கிறிஸ்தவ இசைக் கலைஞர்களின் புகழ் மண்டபத்தில் பொறித்தார்கள்.

கீத் இறந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆண்டவன் பாட்டை விற்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு முடிவு பிறக்கவில்லை. விற்றவர்களில் நல்லவர்களும் உண்டு. உழைப்புக்குக் கூலி வாங்குவதும் குற்றம் அல்ல.

ஆனால் அந்தக் கேள்விக்காகத் தம் வீட்டையே அடகு வைத்தவர் கீத் கிரீன். காசு இல்லாத 61 ஆயிரம் தட்டுகள் அந்த வீட்டுப் பணத்தில்தான் புறப்பட்டன. அவற்றை வாங்கிய ஏழை, காசு கொடுத்து வாங்கியவன் கேட்ட அதே பாட்டைத் தன் வீட்டில் உட்கார்ந்து கேட்டான்.