நட்சத்திரம் பார்த்து வழி சொன்ன லாம்டன்

சர்வே கேம்ப் என்றால் நமக்குச் சில நாள். வில்லியம் லாம்டனுக்கு அது இருபது வருஷத்துக்கு மேல்.

பிரிட்டிஷ் பட்டாளத்து அதிகாரியான இவர் 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் இருந்தார். ஒரு ராத்திரி படை நடந்துகொண்டிருந்தது. தெற்கே போவதாக ஜெனரல் பேர்டு நினைத்தார். லாம்டன் வானத்தைப் பார்த்துவிட்டு, வடக்கே, திப்புவின் பாசறைப் பக்கம் போகிறோம் என்றார். ஜெனரல் காதில் வாங்கவில்லை. எதிரிக் காவல் தட்டுப்பட்ட பிறகுதான் விளக்கேற்றி காம்பஸைப் பார்த்தார்கள். லாம்டன் சொன்னதே சரி!

இப்படிப்பட்டவர்தான் நாட்டையே அளக்கக் கிளம்பினார். 1802 ஏப்ரல் 10-ல் பரங்கிமலை அருகே பேஸ் லைன் அளக்க ஆரம்பித்தார். சுமார் ஏழரை மைல்தான், ஆனால் 57 நாள் ஆனது. 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் அல்லவா? அதனால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துக் கணக்குப் போட்டார். இங்கே ஒரு அங்குலம் தப்பினால் பின்னால் வரும் முக்கோணம் எல்லாம் தப்பு. மேத்ஸில் நாம் திட்டிக்கொண்டே படிக்கும் சைன் ரூல்தான் மீதி வேலையைச் செய்தது.

தியோடலைட் அரை டன் எடை. லண்டனிலிருந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையாக அனுப்பிவைத்தார்கள்.

எங்க சித்தையன்கோட்டைப் பக்கம் மலைக்குப் பஞ்சமில்லை. தஞ்சாவூரிலோ கண்ணுக்கெட்டிய வரை வயல்தான். ஆகவே 1808-ல் கருவியைப் பெரிய கோயில் மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்து, சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டமே நெளிந்துவிட்டது. லண்டனுக்கு எழுதிக் காத்திருந்தால் வருஷக்கணக்கில் ஆகும். லாம்டன் கூடாரத்துக்குள் போனார். கருவியை அக்கக்காகக் கழற்றினார். பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வரைந்து, ஆப்பு, திருகு, கப்பி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரம்! நம் ஒர்க்‌ஷாப்பில் பைலிங் செய்து கை காய்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

அதைக் குன்று குன்றாகச் சுமந்தவர்கள் நம்ம ஊர்க் கூலியாட்கள். நான் படித்த புத்தகத்தில் அவர்கள் பேர் ஒன்றுகூட இல்லை. எங்க வீட்டில் எல்லோரும் சுமை தூக்கியவர்கள் என்பதால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

1809-ல் கன்னியாகுமரியைத் தொட்டார். பிறகு வடக்கே திரும்பினார். 1823 ஜனவரி 20-ல் நாகபுரி போகும் வழியில், ஹிங்கன்காட்டில் இறந்தார். மீதியை ஜார்ஜ் எவரெஸ்ட் இமயம்வரை கொண்டுபோனார். சிகரத்துக்கு வைத்தது அவர் பேரைத்தான்.