ஹசன் ஃபாத்தி

ஹசன் ஃபாத்தி (மார்ச் 23, 1900 – நவம்பர் 30, 1989) எகிப்து நாட்டைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் ஆவார். ஏழைகளின் வீட்டுவசதிக்கு அவர்கள் காலடியில் கிடைக்கும் மண்ணே தக்க கட்டிடப்பொருள் என்று வாதிட்டவர். இவர் வடிவமைத்த புதிய குர்னா என்னும் கிராமம் உலகப் புகழ் பெற்றது. எனினும் அது எவருக்காகக் கட்டப்பட்டதோ, அவர்களில் பெரும்பாலோர் அங்கு குடியேற மறுத்துவிட்டனர்.

இளமை

ஃபாத்தி அலெக்சாந்திரியாவில் வசதியான நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். 1926 இல் கெய்ரோவில் கட்டிடக்கலைப் பட்டம் பெற்று, 1930 முதல் அங்குள்ள நுண்கலைப் பள்ளியில் கற்பித்தார். குடும்பப் பண்ணையை முதன்முறையாக நேரில் கண்டபோது, அங்கு உழைத்த குடியானவர்களின் குடிசைகள் இருந்த நிலை அவரைப் பெரிதும் பாதித்தது.

மரமின்றிக் கூரை

மண் சுவர் எழுப்புவது எளிது, கூரையே சிக்கல். எகிப்தில் மரம் அரிது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மேலும் அரிதாயிற்று. மரமுட்டு இல்லாமல் பச்சைச் செங்கல்லால் வளைகூரை அமைக்க ஃபாத்தி முயன்றார். அவை சரிந்து விழுந்தன. தெற்கே நுபியர்கள் முட்டு ஏதுமின்றி வளைகூரை கட்டுவதை அவருடைய சகோதரர் தெரிவிக்க, 1941 இல் அசுவான் சென்று அதனை நேரில் கண்டார்.

நுபியக் கொத்தனார்களின் முறை எளிமையானது. அறையின் ஒரு முனையில் சுவரை உயரமாக எழுப்பி, அதன்மீது வளைவின் வடிவத்தை மண்சாந்தால் வரைவர். முதல் வரிசைக் கற்களை அச்சுவரின்மீது சாய்த்து ஒட்டுவர். அடுத்தடுத்த வரிசைகள் முந்தையதன்மேல் சாய்ந்து நிற்கும். எடை குறைய, இக்கற்களில் வைக்கோல் கூடுதலாகச் சேர்க்கப்படும். நன்றாக ஒட்டுவதற்காக, ஈரமாக இருக்கும்போதே விரலால் கோடுகள் கீறப்படும். மூன்று மீட்டர் அகல அறையை இரு கொத்தனார்கள் ஒன்றரை நாளில் மூடிவிடுவர்.

புதிய குர்னா

லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள மலைச்சரிவில், பழங்காலக் கல்லறைகளின் மேலேயே குர்னா மக்கள் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்துவந்தனர். கல்லறைப் பொருட்களை விற்பதும் சுற்றுலாப் பயணிகளும் பலருக்குப் பிழைப்பாக இருந்தன. ஒரு கல்லறையின் பாறைச் சிற்பம் முழுதாக வெட்டி எடுக்கப்பட்டதைத் தொடர்ந்து, தொல்பொருள் துறை அவர்களை இடம்பெயர்க்க முடிவுசெய்தது. 1945 இல் புதிய கிராமத்தை வடிவமைக்கும் பணி ஃபாத்தியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒரே மாதிரி வீடுகளை வரிசையாக அடுக்க அவர் விரும்பவில்லை. உறவுமுறைக் குடும்பங்கள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து வாழுமாறு தெருக்களை வகுத்தார். பள்ளிவாசல், சந்தை, பள்ளிகள், அரங்கம் ஆகியவற்றுடன், கல்லறைப் பொருள் வணிகத்தை இழப்போர் வேறு தொழில் கற்கக் கைவினைப் பயிற்சியிடமும் திட்டத்தில் இருந்தது. சிறுவர்கள் நத்தைக்காய்ச்சல் பரவிய வாய்க்கால்களில் குளிப்பதைத் தவிர்க்கத் தூய நீர் ஏரி ஒன்றையும் சேர்த்தார். பெண்கள் கூடிப் பேசும் வழக்கம் மறையக்கூடாது என்று கருதி, வீட்டுக்கு வீடு குழாய் தராமல் பொது நீரிறைப்பிகளையே விரும்பினார். குடம் சுமப்பவரின் நோக்கில் இம்முடிவு ஏற்கத்தக்கதா என்பது விவாதத்துக்குரியது.

மக்கள் இத்திட்டத்தை எதிர்த்தனர். பிழைப்பை விட்டு வெளியேறுமாறு தம்மிடம் கேட்கப்படுவதாகவே அவர்கள் கண்டனர். குவிமாடக் கூரை அப்பகுதியில் சமாதிகளை நினைவூட்டியதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. கரை உடைக்கப்பட்டதால் கட்டுமானப் பகுதியில் ஒருமுறை வெள்ளம் புகுந்தது. அரசு அலுவலகங்களின் தாமதமும் சேர்ந்துகொள்ள, மூன்று பருவங்களுக்குப் பின் 1948 அளவில் பணி நின்றது. திட்டமிட்டதில் ஒரு பகுதியே முடிந்திருந்தது. தோல்விக்கு ஃபாத்தி பெரிதும் அதிகாரிகளையே பொறுப்பாக்கினார். ஆயினும், குடிபெயர விரும்பாத மக்களுக்கு எவ்வளவு நல்ல வீடும் தீர்வாகாது என்பதையே இந்நிகழ்வு காட்டுகிறது எனலாம்.

பிற்காலம்

1957 இல் ஏதென்சு சென்று டாக்சியாடிசு நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1967 இல் கார்கா பாலைவனச் சோலையில் தொடங்கிய புதிய பாரிசு கிராமம், அவ்வாண்டு மூண்ட போரால் நின்றுபோனது. அங்குள்ள சந்தையில் காற்றைக் கீழிறக்கும் கோபுரங்களால் மின்சாரமின்றி விளைபொருள் கிடங்கைக் குளிர்வித்தார்.

குர்னா அனுபவத்தை விவரிக்கும் இவருடைய நூல் 1969 இல் கெய்ரோவிலும், 1973 இல் 'ஏழைகளுக்கான கட்டிடக்கலை' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் சிக்காகோவிலும் வெளியானது. உலகெங்கும் கட்டிடக்கலை மாணவர்கள் இவரை அறிந்தது இந்நூல் வழியாகவே. 1980 இல் ஆகா கான் கட்டிடக்கலை விருதின் தலைவர் விருதும் வாழ்வாதார உரிமை விருதும் பெற்றார்.

புதிய குர்னாவின் வீடுகள் பல பின்னாளில் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் கான்கிரீட் கட்டிடங்கள் எழுந்தன. 2010 இல் இக்கிராமம் உலக நினைவுச்சின்னக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மலைச்சரிவில் எஞ்சியிருந்த பழைய குர்னா வீடுகளில் பெரும்பாலானவை 2000களின் பிற்பாதியில் இடிக்கப்பட்டு, அங்கிருந்தோர் வேறு புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர்.