அணிக்கணிதம் வகுத்த ஆர்தர் கெய்லி

மூன்றை ஐந்தால் பெருக்கினும் ஐந்தை மூன்றால் பெருக்கினும் விடை பதினைந்தே. எண்களிடத்தும் இயற்கணித எழுத்துகளிடத்தும் இவ்விதி பிறழ்வதில்லை. இவ்விதி செல்லாத இடமும் கணிதத்தில் உண்டு; ஆங்கும் ஒழுங்கு உண்டு எனத் தெளிவுறக் காட்டிய பேரறிஞர் ஆர்தர் கெய்லி ஆவார்.

அவர் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் இங்கிலாந்து நாட்டு ரிச்மண்டு நகரில் பிறந்தார். தந்தையார் உருசிய நாட்டில் வாணிகம் புரிந்தவர். மைந்தரும் வாணிகத்தையே மேற்கொள்ள வேண்டுமென அவர் விரும்பினார். ஆயினும், சிறுவரின் கணிதத் திறங்கண்ட ஆசிரியர் எடுத்துரைக்க, கேம்பிரிட்ஜுக்கு அனுப்ப இசைந்தார். 1842இல் அப்பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் கெய்லி முதல்வராகத் தேறினார்.

பின்னர், பிழைப்பின் பொருட்டுச் சட்டம் பயின்று 1849இல் வழக்கறிஞரானார். பதினான்கு ஆண்டுகள் அத்தொழிலில் இருந்தும் கணிதத்தை மறந்தாரல்லர். வரிசை மாறினால் பெருக்கற்பலனும் மாறும் புதுவகை எண்களை ஆமில்டன் என்பார் 1843இல் கண்டிருந்தார். அவருடைய சொற்பொழிவைக் கேட்கக் கெய்லி டப்ளின் நகர் வரை சென்றார்.

எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கிய அமைப்பே அணி. நண்பர் சில்வெசுடர் 1850இல் அதற்குப் பெயரிட்டார். கெய்லி 1858இல் அதன் இயற்கணிதத்தை வகுத்து வெளியிட்டார். ஓர் எண்ணிணையை வேறோர் இணையாக மாற்றும் செயலை அணி குறிக்கும். ஒரு செயலின்பின் மற்றொன்றைச் செய்தலே அணிப்பெருக்கம்.

மூன்று, ஐந்து என்னும் இணையைக் கொள்வோம். இடம் மாற்றிப் பின் முதலெண்ணை இரட்டித்தால் பத்து, மூன்று எனவரும். முதலெண்ணை இரட்டித்துப் பின் இடம் மாற்றினால் ஐந்து, ஆறு எனவரும். உழுதபின் விதைத்தலும் விதைத்தபின் உழுதலும் ஒன்றாகா என்பதை ஒதியம்பட்டு உழவரும் அறிவரன்றோ!

வேறுபாடு இன்னும் ஒன்றுண்டு. இரண்டாம் எண்ணை அழிக்கும் அணியையும் முதலெண்ணை அழிக்கும் அணியையும் பெருக்கினால் எஞ்சுவது சுழியே. எண்களிலோ, சுழியல்லாத இரண்டின் பெருக்கற்பலன் சுழியாவதில்லை. ஆயினும், மூன்று அணிகளை வரிசை மாற்றாது பெருக்குங்கால், முதலிரண்டை முன்னர்ச் சேர்ப்பினும் பின்னிரண்டை முன்னர்ச் சேர்ப்பினும் பலன் ஒன்றே. எவ்விதி நிற்கும், எவ்விதி நில்லாது என வரையறுத்ததே கெய்லியின் பெருமை.

1863இல் கேம்பிரிட்ஜ் அவரைப் பேராசிரியராக அழைத்தது. வழக்குத் தொழிலினும் ஊதியம் குறைவு. ஆயினும், பொருளை விடுத்துக் கல்வியையே அவர் தேர்ந்தார். 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் மறைந்தார். அவர்தம் கட்டுரைகள் பதின்மூன்று பெருந்தொகுதிகளாக உள்ளன.

முப்பதாண்டு கழித்து, 1925இல், ஐசன்பர்க்கு என்னும் இளைஞர் அணுவின் இயல்பை ஆராய்ந்தபோது, வரிசை மாறின் பலன் மாறும் பெருக்கம் எதிர்ப்பட்டது. அவர் திகைத்தார். அஃது அணிப்பெருக்கமே என அவர்தம் பேராசிரியர் மாக்சு பார்ன் உணர்ந்தார். பயன் கருதாது தேடிய உண்மை, தேடியவர் மறைந்த பின்னும் உலகிற்குப் பயன்பட்டது.